கேளாத செவியும் பாடும் குரலும்

நோத்ர்தாம் பேராலயத்தின் உச்சியிலிருந்து உருக்கிய உலோகம் இரண்டு முறை கொட்டுகிறது. முதல் முறை, 1831-ல் வெளிவந்த விக்டர் ஹ்யூகோவின் நாவலில். இரண்டாம் முறை, 1996-ல் டிஸ்னி நிறுவனம் எடுத்த அனிமேஷன் இசைப்படத்தில். இரண்டிலும் கொட்டுகிறவன் ஆலயத்தில் மணியடிக்கும் குவாசிமோடோ. இரண்டிலும் அவன் காக்க நினைப்பது ஜிப்சிப் பெண் எஸ்மரால்டாவை. படத்தில் அந்தக் குழம்பு வில்லனான நீதிபதி ஃப்ரோலோவின் படைவீரர்களை விரட்டியடிக்கிறது. நாவலிலோ, எஸ்மரால்டாவை மீட்க வந்த அவளுடைய கூட்டத்தாரின் தலையிலேயே விழுகிறது. நள்ளிரவில் தீப்பந்தங்களோடு வந்து நிற்பவர்கள் அவளுக்கு வேண்டியவர்களா, வேண்டாதவர்களா என்று குவாசிமோடோவுக்குத் தெரியவில்லை. கீழே எழும் கூச்சலில் ஒரு சொல்கூட அவனை எட்டவில்லை. அவனுக்குக் காது கேட்காது.

டிஸ்னி படத்தின் மீது எப்போதும் சொல்லப்படும் குறை, நாவலின் துயர முடிவைச் சுபமாக மாற்றிவிட்டார்கள் என்பது. குறை நியாயமானதுதான். ஆனால் முடிவு மாறியது பின்விளைவு மட்டுமே. குவாசிமோடோவுக்குக் காது கேட்கும் என்று தீர்மானித்த அன்றே கதை வேறு திசைக்குத் திரும்பிவிட்டது என்பது என் எண்ணம். செவி கொடுத்தார்கள், கூடவே பாடும் குரலும் கொடுத்தார்கள். இசைப்படத்தின் நாயகன் பாடித்தானே ஆகவேண்டும்? அந்த ஒரு மாற்றம் நாவலின் அடித்தூணை உருவிவிட்டது. அதே மாற்றம்தான், நாவல் செய்ய முடியாத ஒன்றைச் செய்யும் வழியையும் படத்துக்குத் திறந்துவிட்டது.

நம்மவர்களுக்கு ஹ்யூகோ என்றதும் நினைவுக்கு வருவது சுத்தானந்த பாரதியார் தமிழாக்கிய ‘ஏழை படும் பாடு’. அது 1950-ல் திரைப்படமாகவும் வந்தது. அதன் மூல நாவல் வெளிவந்தபோது ஹ்யூகோவுக்கு அறுபது வயது. நோத்ர்தாம் நாவலை எழுதியபோது 28 வயதுதான். 1830 ஜூலையில் எழுத உட்கார்ந்த உடனே பாரிஸில் புரட்சி வெடித்தது. வேலை தடைபட்டு, மறு ஆண்டு ஜனவரியில் முடித்தார். கதை நடப்பது 1482-ல், பதினோராம் லூயி மன்னனின் காலத்தில். பெயரின்படி அது ஒரு கூனனின் கதையுமல்ல, ஜிப்சிப் பெண்ணின் கதையுமல்ல. ஓர் ஆலயத்தின் கதை. பழைய பாரிஸின் கூரைகளையும் கோபுரங்களையும் தெருத் தெருவாக விவரிக்கும் நீண்ட அத்தியாயங்கள் அதில் உண்டு. அவற்றைத் தாண்டிப் போய்விடுகிற வாசகர்கள் உண்டு. தாண்டாமல் படிக்க வேண்டும் என்பேன். அந்த நகரத்தின் எடை தெரிந்தால்தான், அதன் அடியில் நசுங்கும் மனிதர்களின் வலி தெரியும்.

குவாசிமோடோ, ஆலயத்தில் அனாதைக் குழந்தைகளை விடும் பலகையில் கிடந்தவன். யாரும் தொடத் தயங்கிய அந்தக் குழந்தையை இளம் குருவானவர் க்ளோத் ஃப்ரோலோ எடுத்து வளர்க்கிறார். மணிகளிடமே வளர்ந்த பையனுக்குப் பதினான்கு வயதில் மணியோசையே செவிப்பறையைக் கிழித்துவிடுகிறது. எவற்றின் மீது உயிராக இருந்தானோ அவையே அவன் காதைப் பறித்தன. அதற்குப் பின்னும் அவன் மணிகளை வெறுக்கவில்லை. பெரிய மணியின் அதிர்வு மட்டுமே இன்னும் அவனை எட்டுகிற குரல் என்பதால், முன்னைவிட அதிகமாக நேசிக்கிறான். பேசுவதையும் ஏறக்குறைய நிறுத்திவிடுகிறான்.

செவிடு என்பது ஹ்யூகோவுக்கு ஒரு பாத்திரத்தின் உடற்குறை மட்டுமாக இருக்கவில்லை. அவர் படைத்த பாரிஸில் யார் சொல்வதும் யார் காதிலும் விழுவதில்லை. இதற்கு நாவலின் விசாரணைக் காட்சியை விடச் சிறந்த சான்று கிடையாது. குவாசிமோடோவை விசாரிக்கும் நீதிபதிக்கும் காது கேட்காது. அதை அவர் ஊரிலிருந்து மறைத்து வாழ்கிறார். கைதி பதில் சொல்லியிருப்பான் என்று எண்ணி அவர் அடுத்த கேள்விக்குப் போகிறார். இவனோ இன்னும் முதல் கேள்விக்காகவே காத்திருக்கிறான். இரக்கப்பட்ட எழுத்தர் ஒருவர், ‘இந்த ஆளுக்குக் காது கேட்காது’ என்று நீதிபதியின் காதில் கிசுகிசுக்கிறார். அதுவும் அவருக்குக் கேட்கவில்லை. கேட்டதுபோல் காட்டிக்கொண்டு தண்டனையில் ஒரு மணி நேரத்தைக் கூட்டிவிடுகிறார். மக்கள் சிரிக்கிறார்கள், படிக்கும் நமக்கும் சிரிப்பு வந்து பாதியில் நின்றுபோகிறது. படத்தில் இந்தக் காட்சி இல்லை, இருக்கவும் வழியில்லை.

தொடர்ந்து வரும் தண்டனை மேடைக் காட்சியைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறது, ஆனால் உள்ளே இருந்ததை மாற்றிவிட்டு. படத்தில் முட்டாள்கள் திருவிழாவன்று குவாசிமோடோ முதன்முறையாகக் கோபுரத்தை விட்டு இறங்குகிறான். கூட்டம் அவனுக்கு முடிசூட்டி மகிழ்கிறது. சற்று நேரத்தில் அதே கூட்டம் கட்டிப்போட்டு அழுகிய காய்களை எறிகிறது. எஸ்மரால்டா மேடையேறிக் கயிற்றை அறுத்துவிடுகிறாள். அவன் எந்தக் குற்றமும் செய்யாதவன். நாவலின் குவாசிமோடோ அப்படியல்ல. முந்தைய இரவு ஃப்ரோலோவின் ஏவலில் எஸ்மரால்டாவைத் தூக்கிச் செல்ல முயன்று பிடிபட்டவன். சாட்டையடி வாங்கித் தண்ணீருக்குக் கதறுகிறான். தன்னை வளர்த்த குருவானவர் கோவேறு கழுதையில் வருவதைக் கண்டு அவன் முகம் மலர்கிறது. அவர் இவனைக் கண்டதும் கழுதையைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார். கடைசியில் குடுவையோடு மேடையேறுகிறவள், அவன் தூக்கிச் செல்லப் பார்த்த அதே பெண். தனக்குத் தீங்கு செய்ய வந்தவனுக்குத் தண்ணீர் கொடுப்பதும், ஒரு பாவமும் அறியாதவனின் கட்டை அவிழ்ப்பதும் ஒன்றல்ல. குழந்தைகள் படத்துக்கு இரண்டாவதே போதுமென்று எண்ணியிருக்கிறார்கள். குழந்தைகளுக்கு முதலாவதும் புரிந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

படத்தை இயக்கியவர்கள் கேரி டிரவுஸ்டேலும் கர்க் வைஸும். ‘பியூட்டி அண்ட் தி பீஸ்ட்’ எடுத்த அதே இணை. இசை ஆலன் மென்கன், பாடல்கள் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ். இவ்வகைப் படங்களில் ஒவ்வொரு முக்கியப் பாத்திரமும் தன் ஆசையை ஒரு பாடலாக நமக்குச் சொல்லிவிடும். குவாசிமோடோ கோபுர விளிம்பில் நின்று, ஒரே ஒரு நாள் கீழே மனிதர்களோடு மனிதனாக நடக்க வேண்டும் என்று பாடுகிறான். குரல் கொடுத்த டாம் ஹல்ஸ் அதை மிகுந்த கனிவோடு பாடியிருக்கிறார். அந்தப் பாட்டு முடியும்போது அவனைப் பற்றித் தெரிய வேண்டியதெல்லாம் நமக்குத் தெரிந்துவிடுகிறது. நாவலில் அதே மனிதனின் உள்ளத்தை நாம் பொருள்களிலிருந்தும் செய்கைகளிலிருந்தும் ஊகித்தே அறிய வேண்டும். எஸ்மரால்டா ஆலயத்தில் தஞ்சமிருக்கும் நாட்களில் அவளிடம் ஓர் ஊதுகுழல் கொடுக்கிறான். ஆபத்து வந்தால் ஊது, இந்த ஓசை எனக்குக் கேட்கும் என்கிறான். தன் முகம் அவளைப் பயமுறுத்தும் என்று விலகி நிற்கிறவனுக்கு, அவளை எட்டும் ஒரே வழி அது. ஃப்ரோலோ ஓர் இரவு அவளிடம் அத்துமீறும்போது அவள் ஊதுகிறாள். அவன் ஓடி வருகிறான். இருட்டில் ஆளை அடையாளம் தெரியாமல், தன்னை வளர்த்தவரையே கொன்றுவிடும் அளவுக்குப் போகிறான்.

இவ்வளவு சொன்ன பிறகு, படம் நாவலுக்கு நேர் நிற்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். அது ஃப்ரோலோவின் பாட்டு, ‘ஹெல்ஃபயர்’. எல்லா வயதினரும் பார்க்கலாம் என்ற ‘ஜி’ சான்றிதழ் பெற்ற படத்துக்குள் இப்படியொரு பாடல் எப்படி வந்தது என்று இன்றும் வியக்கிறேன். முதலில் குவாசிமோடோ கோபுரத்தில் தன் நேசத்தை மென்மையாகப் பாடுகிறான். கீழே பாதிரிமார் லத்தீனில் பாவமன்னிப்பு மன்றாட்டை இசைத்தபடி நடக்கிறார்கள். அந்த ஓசை ஃப்ரோலோவின் மாளிகைக்குள் நுழைந்ததும் அவன் தன் எரிச்சலைப் பாடத் தொடங்குகிறான். கணப்பு நெருப்பில் எஸ்மரால்டாவின் உருவம் ஆடுகிறது. குற்றம் என்னுடையதல்ல, அந்தப் பெண்ணுடையது, தேவனுடையது என்று அவன் சாதிக்கச் சாதிக்க, முகமற்ற சிவப்பு அங்கிகள் சுவர்போல் எழுந்து, குற்றம் தம்முடையதென ஏற்கும் மன்றாட்டை லத்தீனில் திருப்பிப் பாடுகின்றன. அவனுடைய மறுப்பும் கோரஸின் ஒப்புதலும் ஒரே இசைக்குள் மோதுகின்றன. முடிவில் அவள் தனக்கு வேண்டும், இல்லையேல் எரிய வேண்டும் என்ற தீர்மானத்துக்கு வந்துசேர்கிறான்.

நாவலில் இதற்கு இணையானது சிறைக் காட்சி. எஸ்மரால்டா தான் நேசித்த கேப்டன் ஃபீபஸைக் கொன்றதாகப் பொய்ப் பழி சுமந்து, சித்திரவதையில் ஒப்புக்கொண்டு, நிலவறையில் கிடக்கிறாள். கத்தியால் குத்தியவர் ஃப்ரோலோ. அவரே விளக்கோடு இறங்கி வந்து பக்கம் பக்கமாகத் தன் வேதனையைக் கொட்டுகிறார். அவளுடைய கால்களை இயந்திரம் நெரித்தபோது அங்கியின் அடியில் கத்தியால் தன் மார்பையே கிழித்துக்கொண்டதாகச் சொல்லி, காயத்தைத் திறந்து காட்டுகிறார். அந்தப் பக்கங்களின் கொடூரத்தைப் படம் சில நிமிட இசையில் முழுதாகக் கொண்டுவந்துவிட்டது. பேச்சில் ஒருவன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதை ஹ்யூகோ விளக்க வேண்டியிருக்கிறது. கோரஸ் இருந்தால் விளக்கம் தேவையில்லை. அவன் மனச்சாட்சியே பக்கத்தில் நின்று பாடுகிறது.

ஆனால் பாடுகிற அந்த மனிதன் யார் என்பதில் படம் பின்வாங்கிவிட்டது. ஹ்யூகோவின் ஃப்ரோலோ குருவானவர், கல்விமான், இரசவாதத்தில் மூழ்கியவர். 1466-ன் கொள்ளைநோயில் பெற்றோரை இழந்து, கைக்குழந்தையான தம்பியை வளர்த்தவர். அந்தத் தம்பி மேல் இருந்த பாசத்தால்தான் கூனல் குழந்தையையும் எடுத்தார். நல்லவராகத் தொடங்கிய ஒருவர் படிப்படியாகச் சிதைவதைப் பார்ப்பதுதான் அங்கே நம்மை உலுக்குகிறது. டிஸ்னியின் ஃப்ரோலோ நீதிபதி. கதை தொடங்கும்போதே ஆலயப் படிக்கட்டில் ஒரு தாயைக் கொன்று, அவள் குழந்தையையும் கிணற்றில் போடத் துணிகிறான். ஆலயத்தின் முதிய குரு தடுக்கவே, பயத்தில் பிள்ளையை வளர்க்கிறான். குருவானவர் வில்லனாக இருந்தால் திருச்சபையைப் புண்படுத்தும் என்ற அச்சம் டிஸ்னிக்கு மட்டும் வந்ததல்ல. 1923-ன் மௌனப் படத்தில் வில்லன் பாத்திரம் குருவானவரின் தம்பிக்குப் போனது. 1939-ன் ஹாலிவுட் படத்தில் ஃப்ரோலோ தலைமை நீதிபதியானார். அவருடைய சகோதரர் நல்ல குருவாக நின்றார். டிஸ்னி அந்த 1939 பாதையிலேயே நடந்திருக்கிறது. இதனால் ‘ஹெல்ஃபயர்’ பாடலின் நெருப்பு குறையவில்லை. ஆனால் துறவின் உறுதிமொழிக்கும் உடலின் பசிக்கும் இடையில் கிழிபடுகிற மனிதனின் நியாயம் அதற்குக் கிடைக்காமல் போனது.

இப்போது கல் உருவங்களுக்கு வருகிறேன். படத்தில் விக்டர், ஹ்யூகோ, லாவெர்ன் என்று மூன்று பேசும் கல் பூதங்கள் குவாசிமோடோவுக்குத் தோழர்கள். படத்தின் கேலிக்கூத்தெல்லாம் அவர்களுடையது. நாவலை நேசிப்பவர்கள் இவர்களைத்தான் முதலில் பழிப்பார்கள். நானும் ஓரளவு அவர்கள் பக்கம்தான். பாரிஸ் எரிந்துகொண்டிருக்கும் நேரத்தில் வரும் அவர்களுடைய ஆட்டமும் பாட்டும் இடம் தவறியவை. ஆனாலும் விதை ஹ்யூகோவினுடையதே. நாவலில் குவாசிமோடோ சிலைகளோடு மணிக்கணக்கில் பேசுகிறான், யாராவது வந்தால் ஓடி மறைகிறான். புனிதர்கள் அவனை ஆசீர்வதிப்பவர்கள், பூதங்கள் அவனுக்குக் காவல். அவை பதில் பேசுவதில்லை, அவ்வளவே. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். படத்தின் கல் தோழர்கள், எஸ்மரால்டா உன்னைத்தான் விரும்புவாள் என்று அவனுக்குப் பாடிப் பாடி நம்பிக்கை ஊட்டுகிறார்கள். அடுத்த சில நிமிடங்களில் அவள் காயம்பட்ட ஃபீபஸை அவனிடமே கொண்டுவருகிறாள். இருவரும் முத்தமிடுவதை அவன் பார்த்து நிற்கிறான். காது கேட்கும் குவாசிமோடோ தவறாகக் கேட்டு நொறுங்கும் ஒரே இடம் இது. பாட்டின் கும்மாளத்தைச் சற்றே அடக்கியிருந்தால் அந்த வலி நன்றாகத் தைத்திருக்கும்.

அந்தக் கல் உருவங்களின் வரலாறு நாவலையும் படத்தையும் எதிர்பாராத விதத்தில் இணைக்கிறது. ஹ்யூகோ எழுதிய காலத்தில் நோத்ர்தாம் பாழடைந்து கிடந்தது. நாவல் எழுப்பிய அக்கறையும் சேர்ந்துதான் அரசைச் சீரமைப்புக்குத் தூண்டியது. 1844-ல் கட்டடக் கலைஞர்களான லாஸ்யூவிடமும் வியோலெ-லெ-டியூக்கிடமும் பணி ஒப்படைக்கப்பட்டது. 1864 வரை நடந்தது. கோபுர மாடத்தில் முழங்கை ஊன்றி நகரைப் பார்க்கும் புகழ்பெற்ற பூத உருவங்கள் அந்தச் சீரமைப்பில் புதிதாக வைக்கப்பட்டவை. 1482-ல் அவை இல்லை. படம் தன் மூன்று பேசும் பூதங்களுக்கு எடுத்துக்கொண்டது இந்தப் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சாயலைத்தான். நாவல் ஆலயத்தைக் காப்பாற்றியது, ஆலயம் புது உருவங்களைப் பெற்றது, அவை நாவலின் நாயகனுக்குத் தோழர்களாகத் திரையில் வந்தன. 2019 ஏப்ரல் 15 தீயில் வியோலெ-லெ-டியூக் எழுப்பிய ஊசிக்கோபுரம் சரிந்தபோது உலகமே கலங்கியதற்கும், 2024 டிசம்பரில் ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டபோது நெகிழ்ந்ததற்கும், ஹ்யூகோவைப் போலவே இந்தப் படமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அந்த ஆலயத்தை முதலில் ஒரு கார்ட்டூனில் பார்த்து நேசித்த ஒரு தலைமுறை இருக்கிறது.

நாவலைவிடப் படம் நேர்மையாக நடந்துகொண்ட இடம் ஒன்று உண்டு. ஹ்யூகோவின் எஸ்மரால்டா பிறப்பால் ஜிப்சி அல்ல. ரெய்ம்ஸ் நகரில் ஒரு பிரெஞ்சுத் தாயிடமிருந்து திருடப்பட்ட குழந்தை. அவளுக்குப் பதிலாக அங்கே விடப்பட்டவனே குவாசிமோடோ. மகளை இழந்த தாய் பாரிஸில் சுவரடைத்த ஓர் அறையில் தவமிருந்து, கடந்து போகும் எஸ்மரால்டாவை நாள்தோறும் சபிக்கிறாள். சபிப்பது சொந்த மகளை என்பது கடைசி நாளில், ஒரு சின்னஞ்சிறு காலணியைக் கண்டுதான் தெரிகிறது. படிக்கும்போது நெஞ்சு அடைத்துக்கொள்ளும் பகுதி அது. ஆனால் அது நிற்கும் அடித்தளம், ஜிப்சிகள் பிள்ளை பிடிப்பவர்கள் என்ற பழைய அவதூறு. ரோமா மக்களை நூற்றாண்டுகளாகத் துரத்திய பொய்களில் அதுவும் ஒன்று. படம் அந்தத் தாயை இழந்தது பெரிய இழப்பு. அந்தப் பொய்யை விட்டொழித்தது பெரிய நன்மை. திரையில் எஸ்மரால்டா அந்த மக்களில் ஒருத்தியாகவே பிறந்து, அவர்களுக்காகவே பேசுகிறாள். ஃப்ரோலோ ஒரு கல்லைப் புரட்டி அதன் அடியில் எறும்புகளை நசுக்கி, ஜிப்சிகளை என்ன செய்ய விரும்புகிறான் என்று காட்டும் காட்சி, இன ஒழிப்பு என்றால் என்ன என்பதைக் குழந்தைக்கும் புரியவைக்கிறது. ஆலயத்துக்குள் எஸ்மரால்டா தனக்கென எதுவும் கேட்காமல், ஒதுக்கப்பட்டவர்களுக்காக மன்றாடிப் பாடும் பாடலும் அப்படித்தான். அவளைச் சுற்றி நிற்கும் வசதி படைத்தவர்கள் செல்வமும் புகழும் கேட்டுப் பாடுகிறார்கள்.

முடிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். படத்தில் ஃப்ரோலோ விழுந்து சாகிறான். குவாசிமோடோ எஸ்மரால்டாவின் கையையும் ஃபீபஸின் கையையும் சேர்த்துவைக்கிறான். ஒரு சிறுமி அவன் முகத்தைத் தொட்டுப் பார்த்த பின் ஊர் அவனைத் தோளில் தூக்கிக்கொள்கிறது. நாவலில் எஸ்மரால்டா தூக்கிலேறுகிறாள். ஒளிந்திருந்தவள் ஃபீபஸின் குரல் காதில் விழ, அவனைக் கூவி அழைத்துப் பிடிபடுகிறாள். அந்த நாவலில் காது கேட்பதும் கொல்கிறது. ஃபீபஸ் திரும்பியும் பாராமல் போய், பின்னர் பணக்காரப் பெண்ணைக் கட்டிக்கொள்கிறான். மோன்ஃபோகோன் பிணக்கிடங்கில் பிற்காலத்தில் இரண்டு எலும்புக்கூடுகள் கட்டியணைத்தபடி கிடைக்கின்றன. கூன் விழுந்ததைப் பிரிக்க முயன்றதும் அது பொடியாகிறது. இந்த முடிவைத் தொடுவது துரோகம் என்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். 1836-ல் லூயிஸ் பெர்த்தேன் என்ற பெண் இசையமைப்பாளருக்காக இந்தக் கதையை ‘லா எஸ்மரால்டா’ என்ற ஓபராவாக எழுதித் தந்தவர் ஹ்யூகோதான். அதில் ஃபீபஸ் நல்லவன். காயத்தோடு வந்து எஸ்மரால்டா நிரபராதி என்று அறிவித்து உயிர்விடுகிறான். அவள் தூக்கிலிருந்து தப்புகிறாள். பாடும் மேடைக்கு வந்ததும் கதை இளகியே ஆகவேண்டும் என்று டிஸ்னிக்கு 160 ஆண்டுகளுக்கு முன்பே ஹ்யூகோ ஏற்றுக்கொண்டிருந்தார்.

பாட்டும் செவிடும் ஒரே மேடையில் நிற்கவே முடியாதா? டிஸ்னி படத்தின் பாடல்களை வைத்து 1999-ல் பெர்லினில் மேடையேறிய நாடகம் எஸ்மரால்டாவைச் சாகவிட்டது. 2014-ல் கலிஃபோர்னியாவின் லா ஹோயா அரங்கில் தொடங்கிய ஆங்கில வடிவம் இன்னும் ஓர் அடி நாவலை நெருங்கியது. ஃப்ரோலோ மீண்டும் குருவானவரானார். மூன்று கோமாளிப் பூதங்கள் போய், சிலைகளின் இடத்தில் ஒரு குழுவே நின்று பாடியது. குவாசிமோடோவின் கேட்கும் திறனும் மணியோசையால் கெட்டிருந்தது. 2018-ல் சியாட்டில் நகரின் ஃபிஃப்த் அவென்யூ அரங்கில் அந்த வேடத்தை ஏற்ற ஜோஷுவா காஸ்டில் காது கேளாத நடிகர். அவர் கைமொழியில் பேசினார். அவருக்குள் எழும் பாட்டை அருகில் நின்ற இன்னொரு நடிகர் பாடினார். ஊராருக்கு அந்தக் குரல் கேட்காது, ஃப்ரோலோவுக்கும் கேட்காது, அரங்கில் அமர்ந்திருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும். ஹ்யூகோவின் குவாசிமோடோவும் மென்கனின் இசையும் ஒருவரையொருவர் கெடுக்காமல் சேர்ந்து நிற்க ஒரு வழி இருக்கிறது என்பதை அந்த மேடை செய்துகாட்டிவிட்டது. இனி இந்தக் கதையைத் திரைக்கு எடுத்து வருகிறவர்கள் தொடங்க வேண்டிய இடம் 1996-ன் படமல்ல, இதுதான்.